வரும் உரிமையும் தங்கும் உரிமையும்

வெளிநாடு ஒன்றில் தொழில் நடத்தப் புறப்படும் நிறுவனம் எந்தக் கட்டத்தில் அந்நாட்டுக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது, மேலோட்டமாகப் பார்த்தால், வரி அலுவலரும் குடிவரவு அலுவலரும் தீர்த்துவைக்க வேண்டிய கேள்வி. ஆயினும், ஓரிடத்தில் இருப்பது என்றால் அவ்விடத்தின் வசதிகளைத் துய்ப்பது மட்டும்தானா, அவ்விடத்தாருக்குப் பதில் சொல்லக் கடமைப்படுவதும் அதில் அடங்குமா என்பதைத் தீர்மானிக்காமல் அதற்கு விடை காண இயலாது என்பதால், அது அறவியலின் கேள்வியாகவே முடிகிறது. நெடுங்காலம் இதைத் தனியே எழுப்பிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து, பெயர்ப்பலகை மாட்டி, உள்ளூர் ஆட்களை வேலைக்கு அமர்த்திய நிறுவனம் வந்துவிட்டது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. கூட்டுப் பணியிடங்கள் பரவிய பின்னர் அந்தத் தெளிவு கலைந்தது.

கூட்டுப் பணியிடம், அதாவது கோவொர்க்கிங் என்று வழக்கில் சொல்லப்படுவது, மேசை, இணையம், கூட்ட அறை, அஞ்சல் பெறும் முகவரி ஆகியவற்றை மாதக் கணக்கிலும் சில வேளை நாள் கணக்கிலும் வாடகைக்குத் தரும் ஏற்பாடு. பெரும்பாலும் இது சட்டத்தின் கண்ணில் குத்தகையே அல்ல. குத்தகை என்பது இடத்தின் மீது ஓர் உரிமையை உண்டாக்குவது, இங்கே கைமாறுவதோ உள்ளே வந்து அமர்வதற்கான அனுமதி மட்டுமே. டோக்கியோவில் காலூன்ற எண்ணும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இதனால் கிடைக்கும் வசதி பெரிது: நீண்ட ஒப்பந்தமும் பெரிய முன்பணமும் இன்றி, சந்தை தனக்கு ஒத்துவருமா என்று சில மாதங்கள் பார்த்துவிட்டு, வராவிட்டால் மடிக்கணினியை மூடிக்கொண்டு புறப்பட்டுவிடலாம். ஜப்பான் அரசு சார்ந்த வெளிவணிக அமைப்பான ஜெட்ரோ, அந்நாட்டில் நிறுவனம் தொடங்க முனைவோருக்கு 50 வேலைநாட்கள் வரை கட்டணமின்றி அலுவலக அறையே தருகிறது. சட்டமும் இத்தகைய படிநிலையை ஏற்கிறது. சந்தையை ஆராய்வது, தகவல் திரட்டுவது, விளம்பரம் செய்வது ஆகியவற்றோடு நின்றுகொள்ளும் பிரதிநிதி அலுவலகம் அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. விற்பனையில் இறங்கித் தொடர்ச்சியாகக் கொடுக்கல் வாங்கல் நடத்தத் தொடங்கினால்தான், ஜப்பானில் வசிக்கும் ஒருவரையாவது தன் பிரதிநிதியாக நியமித்துப் பதிவு செய்யும் கடமை எழுகிறது.

இத்தகைய இடைநிலையைப் பற்றி மெய்யியலில் மிகக் கூர்மையாக எழுதியவர் இம்மானுவேல் காண்ட். நிலைத்த அமைதியைப் பற்றி 1795இல் அவர் வெளியிட்ட சிறுநூலில், உலகக் குடியுரிமை என்பது விருந்தோம்பலின் நிபந்தனைகளோடு நின்றுவிட வேண்டும் என்று வரையறுத்து, இங்கே பேசப்படுவது இரக்கம் அல்ல, உரிமை என்று அழுத்திச் சொல்கிறார். அயலான் பிறர் மண்ணில் கால் வைத்த காரணத்துக்காகவே பகைவனாக நடத்தப்படலாகாது. அவனைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் அதனால் அவன் அழிந்துபோக நேரக் கூடாது. பூமி உருண்டையானது, அதன் பரப்பு எல்லைக்குட்பட்டது, மனிதர் முடிவின்றி விலகி விலகிப் போய்க்கொண்டிருக்க முடியாது என்பதே அவர் காட்டும் காரணம். இவ்வாறு அவர் ஒப்புக்கொள்வது வந்து பார்க்கும் உரிமையை மட்டுமே. விருந்தினனாகத் தங்கும் உரிமைக்கு, வந்தவனைக் குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டாருள் ஒருவனாக ஏற்கும் தனி ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்கிறார். கூட்டுப் பணியிடத்தின் மேசை இவ்விரண்டுக்கும் நடுவே போடப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது, ஆயினும் அது வீட்டாரோடு செய்துகொண்டது அல்ல, மேசையை வாடகைக்கு விடும் நிறுவனத்தோடு செய்துகொண்டது. அந்நிறுவனமும் சில வேளை வேறொரு நாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

காண்ட் ஏன் உரிமையை இவ்வளவு ஒடுக்கினார் என்பதை அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளே விளக்குகின்றன. ஐரோப்பிய வணிக நாடுகள் பிற நிலங்களுக்குப் பார்வையாளராகச் சென்றதும் அவற்றை வென்று கைப்பற்றியதும் வேறு வேறாக இருக்கவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. கோட்டை கட்டிக்கொண்ட விருந்தினரைக் கண்ட காலம் அது. ஆகையால், சீனமும் ஜப்பானும் அயல் வணிகரை வாசலோடு நிறுத்தியது அறிவுள்ள செயல் என்று அவர் கருதினார். ஜப்பான் ஐரோப்பியருள் டச்சுக்காரரை மட்டுமே அனுமதித்து, அவர்களையும் கைதிகளைப்போல் உள்ளூராரிடமிருந்து பிரித்து வைத்ததை அந்நூலில் எடுத்துக் கூறுகிறார்.

அவர் சுட்டிய இடம் நாகசாகித் துறைமுகத்தில் இருந்த தெஜிமா என்னும் செயற்கைத் தீவு. 1634இல் ஷோகுன் ஆட்சியின் ஆணைப்படி அதைக் கட்டும் வேலை தொடங்கியது. அதற்குப் பணம் போட்டவர்கள் நாகசாகி நகரத்து வணிகர் 25 பேர். முதலில் போர்த்துகீசியர் அதில் அடைக்கப்பட்டனர். அவர்கள் வெளியேற்றப்பட்ட பின், ஹிராதோ என்னும் ஊரில் இயங்கிவந்த டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் வணிகநிலையம் 1641இல் அங்கே மாற்றப்பட்டது. விசிறி வடிவத்தில் சுமார் 15,000 சதுர மீட்டர் பரப்பே கொண்ட அத்தீவைக் கரையோடு இணைத்தது ஒரே பாலம், அதிலும் காவல். டச்சுக்காரர் அனுமதியின்றி வெளியே வர முடியாது, நகரத்தார் அனுமதியின்றி உள்ளே போக முடியாது. இடத்துக்கு ஆண்டு வாடகை வெள்ளியாக அந்த வணிகர்களிடம் செலுத்தப்பட்டது. வாடகை முகவரி, பிறர் கட்டிய அறைகள், பிறர் நியமித்த மொழிபெயர்ப்பாளர், எல்லைக்குட்பட்ட நடமாட்டம் என்று பார்த்தால், அயல்நாட்டுக் கும்பினி ஒன்று பாரமின்றித் தங்கியதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி கிடைப்பது அரிது. அந்தச் சிறுமை அறிவுப் பரிமாற்றத்தைத் தடுக்கவும் இல்லை. டச்சு மொழியில் வந்த உடற்கூற்று நூல் ஒன்றைச் சுகிதா கென்பாகுவும் அவருடைய தோழர்களும் பெயர்த்து 1774இல் வெளியிட்டது ஜப்பானிய மருத்துவத்தின் போக்கை மாற்றியது. அந்த உழைப்பு முழுவதும் விருந்தளித்தவர்களுடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெஜிமாவுக்கும் இன்றைய டோக்கியோ மேசைக்கும் உள்ள ஒற்றுமை இவ்வளவோடு நின்று, வேற்றுமை தொடங்குகிறது. தெஜிமாவில் விருந்தினரின் இருப்பைச் சிறியதாக்கியவர் விருந்தளித்தவர். நோக்கம், கும்பினியின் வலிமையிலிருந்து நாட்டைக் காத்துக்கொள்வது. கூட்டுப் பணியிடத்தில் இருப்பைச் சிறியதாக்கிக்கொள்பவர் விருந்தினரே. நோக்கம், அந்நாடு தம்மீது வைக்கக்கூடிய உரிமைக் கோரிக்கைகளிலிருந்து தம்மைக் காத்துக்கொள்வது. பாரமில்லாமல் இருப்பது தன்னளவில் நல்லதும் அல்ல, தீயதும் அல்ல. அது யாரை யாரிடமிருந்து காக்கிறது என்பதைக் கொண்டே அதன் அறத்தன்மையைத் தீர்மானிக்க முடியும். இந்த வேறுபாட்டைக் காணாமல், முதலீடு குறைவு, ஆபத்து குறைவு என்று மட்டும் பாராட்டும் வணிக எழுத்து, யாருக்குக் குறைவு என்ற கேள்வியை வசதியாகக் கடந்துவிடுகிறது.

பாரம் எங்கும் மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. 2010இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட வீவொர்க் நிறுவனத்தின் வரலாறு இதற்குப் போதிய சான்று. கட்டட உரிமையாளர்களிடமிருந்து பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, அதையே மேசை மேசையாக மாதக் கணக்கில் பிறருக்கு விடுவதுதான் அதன் தொழில்முறை. 2019இல் பங்குச் சந்தையில் நுழைவதற்காக அது தாக்கல் செய்த ஆவணத்தில், வருங்காலத்தில் கட்ட வேண்டிய குத்தகைத் தொகை ஏறத்தாழ 4,700 கோடி டாலர் என்று காட்டப்பட்டிருந்தது; உறுப்பினர்கள் தாங்க வேண்டியதில்லை என்று விலகிய பாரம் அத்தனையும் அந்தக் கணக்கில் குவிந்திருந்தது. 2023 நவம்பரில் அந்நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியபோது, பாரம் கடன் கொடுத்தோரிடமும் கட்டட உரிமையாளர்களிடமும் இறங்கியது. எந்த நேரமும் புறப்படலாம் என்ற சுதந்திரத்துக்கு, புறப்பட முடியாத இன்னொருவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பெரும் பணம் போட்டு, கட்டடம் எழுப்பி நுழைந்தால்தான் ஒரு நாட்டில் தொழில் செய்யலாம் என்றால் பெருநிறுவனங்களே எங்கும் போக முடியும், சிறியவருக்குக் கதவு திறக்காது. ஊரை அறியாதவர் வந்த உடனே ஆழ வேரூன்றுவதைவிட, அறிந்துகொள்ளும் வரை ஒதுங்கி இருப்பதே பணிவு. இரண்டுமே உண்மை. அறியாத மண்ணில் அவசரமாக ஆலை எழுப்பிச் சில ஆண்டுகளில் இழுத்து மூடிவிட்டுப் போகும் நிறுவனம், மேசையோடு நின்ற நிறுவனத்தைவிட அதிகத் தீங்கு செய்கிறது. ஆனால் இந்த மறுப்பு நியாயப்படுத்துவது தொடக்க காலத்தின் தயக்கத்தை மட்டுமே. அறிந்துகொண்ட பின்னும், இலாபம் வரத் தொடங்கிய பின்னும், இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று சொல்லித் தொடர்வதற்கு அது காரணமாகாது.

சட்டம் இந்த எல்லையைத் தன் மொழியில் வகுக்க முயன்றிருக்கிறது. நாடுகளுக்கிடையிலான வரி உடன்படிக்கைகளில், அயல்நாட்டு நிறுவனம் தன் தொழிலை நடத்தும் நிலையான இடம் நிலைத்த தொழிலிடம் எனப்படும். அப்படி ஒன்று இருந்தால்தான் அதன் தொழில் இலாபத்தின் மீது அந்த நாடு வரி விதிக்கலாம். ஆயத்தமாகவோ துணையாகவோ செய்யப்படும் வேலைகள் அதில் சேரா. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட மாதிரி உடன்படிக்கையின் விளக்கவுரையில் வண்ணம் பூசுபவர் ஒருவர் வருகிறார்: இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று நாள், தம் வாடிக்கையாளரின் பெரிய கட்டடத்தில் வேலை செய்யும் அவருக்கு அக்கட்டடத்தில் சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லை, எனினும் அவருடைய தொழிலின் சாரமான வேலை அங்கேயே நடப்பதால் அது அவருடைய தொழிலிடம் ஆகிவிடுகிறது. துபாயிலிருந்து டெல்லி விடுதி ஒன்றின் செயல்பாட்டை வழிநடத்திய ஹயாத் குழும நிறுவனத்தின் வழக்கில், இடம் தனி உரிமையில் இருக்க வேண்டியதில்லை, தற்காலிகமாகவோ பிறரோடு பகிர்ந்தோ பயன்படுத்தினாலும் போதும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்ததும் இதே தர்க்கத்தில்தான். உடைமையை வைத்து அளந்த சட்டம் இப்போது செயலை வைத்து அளக்கிறது. மெய்யியல் நோக்கில் இது சரியான திசை. ஓரிடத்தில் என்ன செய்கிறோம் என்பதே அங்கே நம் இருப்பைத் தீர்மானிக்கிறது, எதைச் சொந்தமாக வைத்திருக்கிறோம் என்பது அல்ல.

எனினும் வரி என்பது அரசுக்குத் தீர்க்கும் கடன் மட்டுமே, ஊருக்குத் தீர்க்கும் கடன் அன்று. தமிழ் வணிகக் குழுக்களின் பழைய சான்றுகள் இவ்விடத்தில் பொருந்தி வருகின்றன. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபாவுக்கு அருகே கிடைத்த, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டப்பட்ட அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் ஆகியோரின் காப்பில் விடப்பட்டதைச் சொல்கிறது. மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர், சேனாமுகத்தார் படையினர். குளம் வெட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு பெருமைப்படுவது வழக்கம். கூடவே படையும் இருந்தது, காண்ட் அஞ்சிய விருந்தினரின் சாயல் இங்கும் உண்டு. ஆனாலும், பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாத ஒன்றை அந்த மண்ணில் உண்டாக்கி, அதைக் காக்கும் பொறுப்பையும் ஏற்ற வணிகர் வெறும் பார்வையாளராக நின்றுவிடவில்லை. கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு 849இல் வழங்கப்பட்ட செப்பேட்டில் இந்த உறவு இரு தரப்பும் அறிய எழுதப்பட்டிருக்கிறது: மணிக்கிராமமும் அஞ்சுவண்ணம் என்னும் இன்னொரு வணிகக் குழுவும் அறக்கொடையின் காவலராகப் பொறுப்பேற்க, அயல் வணிகர் அரபி, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கின்றனர். யார் வீட்டார், யார் விருந்தினர், எவருக்கு எவர் கடமைப்பட்டவர் என்பது அவ்வேட்டில் பெயர் சொல்லி நிற்கிறது. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு வகுத்த அதிகாரம் முழுவதும் வீட்டாரின் கடமையையே பேசுகிறது, வந்தவரின் கடமையை அல்ல. காண்ட்டும் பெரும்பாலும் வாசலில் நிற்பவரைப் பகைக்கலாகாது என்பதோடு நின்றுவிடுகிறார். வந்தவரின் கடமை என்ன என்பதை அறநூல்களைவிட வணிகச் சாசனங்களே தெளிவாக எழுதிவைத்தன.

இன்றைய நிலையில் குளத்துக்கு ஈடாக நிற்பது, வேலைக்கு அமர்த்தப்படும் உள்ளூர் மனிதர். மேசையை மாத முடிவில் விட்டுவிடலாம். ஆனால் ஜப்பானின் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நியாயமான காரணமும் சமூகம் ஏற்கும் பொருத்தமும் இல்லாத பணிநீக்கத்தைச் செல்லாததாக்குகிறது என்பதால், அந்த மேசையில் அமர்ந்து வேலை செய்பவரை அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது. ஒரு நிறுவனம் வந்துவிட்டதா என்பதை முகவரியைவிட இது துல்லியமாகக் காட்டும்.

ஜப்பானிய அரசும் இதை நோக்கி நகர்ந்திருக்கிறது, ஆனால் கோணலாக. தொழில் நடத்த வரும் வெளிநாட்டவருக்கான மேலாண்மை விசாவுக்குத் தனித்து அடையாளம் காணக்கூடிய அலுவலகம் வேண்டும் என்பது பழைய விதி. பொது அறையின் மேசையும் வெறும் முகவரியும் அதற்குப் போதா. 50 லட்சம் யென் முதலீடு அல்லது முழுநேர ஊழியர் இருவர் என்று, பணத்தைக் கொண்டு மனிதரை ஈடுகட்ட இடம் தந்திருந்த நிபந்தனை 2025 அக்டோபரில் மாற்றப்பட்டு, 3 கோடி யென் முதலீடும் முழுநேர ஊழியர் ஒருவரும் சேர்ந்தே கட்டாயமாயின. உள்ளூர் ஊழியரைக் கட்டாயமாக்கியதற்கு அறவியல் நோக்கில் காரணம் காட்ட முடியும். முதலீட்டை ஆறு மடங்காக்கியதற்கு அப்படி ஒரு காரணம் காட்டுவது கடினம். ஏனெனில் பெருநிறுவனத்தின் ஆட்கள் நிறுவனத்துக்குள்ளேயே இடம் மாற்றப்படுவோருக்கான வேறொரு விசாவில் வருகிறார்கள், அதற்கு இத்தகைய முதலீட்டு வரம்பு கிடையாது. வரம்பில் சிக்குவது, சேமிப்பைக் கொண்டு சிறு உணவகமோ பழைய கார் ஏற்றுமதியோ நடத்த வரும் தனிமனிதர். குடும்பத்தோடு குடியேறி, பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்து, திரும்பிப்போக வழியின்றித் தங்கிவிடும் அவரிடம்தான் தங்கும் எண்ணத்துக்கு ஆதாரம் கேட்கப்படுகிறது. மாத முடிவில் மேசையை விட்டுப் போகக்கூடிய நிறுவனத்திடம் அல்ல.