சுரபாலாவும் அன்னையும்

மனம் தெளிவடைய வழி கூறும் பதஞ்சலி முனிவர், யோக சூத்திரத்தின் முதல் பாதத்து 33-ஆவது சூத்திரத்தில், காட்டையோ குகையையோ பேசவில்லை. பிற மனிதர்களைப் பேசுகிறார். இன்புறுவோரிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, புண்ணியவான்களைக் கண்டு மகிழ்ச்சி, தீயோரின் செயலைப் பொருட்படுத்தாமை ஆகிய நான்கும் உறவு பற்றியவையே. ஒருவரது மனநலம் அவரது மனத்திற்குள் மட்டுமே தீர்மானிக்கப்படுவதன்று.

அன்னை ஸ்ரீசாரதாதேவியின் இளைய சகோதரர் அபயசரணர் மருத்துவம் பயின்றவர். 1899-இல் காலரா நோய்க்கு இரையானார். அப்போது அவருடைய மனைவி சுரபாலா கருவுற்றிருந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர் அவர்; வளர்த்த உறவினர்களும் அடுத்தடுத்து மறைந்தனர். 1900 ஜனவரியில் ராது பிறந்தபோது தாயின் சித்தம் கலங்கியிருந்தது.

இதை முன்வினை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. பிறர் துயரத்திற்கு விளக்கம் கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்காகக் கர்மக் கொள்கை அருளப்படவில்லை. பக்தி குறைந்ததால் வந்த நோய் என்பதும் அத்தகைய பேச்சே. தாங்கிப்பிடித்த கைகள் ஒவ்வொன்றாக விலகிய பின், பதின்ம வயதைக் கடந்தும் கடவாத ஒரு பெண் எதைப் பற்றி நிற்பாள்?

ஒரு நாள் கந்தல் துணிகளைக் கக்கத்தில் இடுக்கி இழுத்தவாறு சுரபாலா நடக்க, பின்னால் குழந்தை அழுதுகொண்டே தவழ்ந்து சென்றது. அன்னை ஓடிச்சென்று குழந்தையை வாரி அணைத்துக்கொண்டார். அன்று முதல் ராது அவருடைய பொறுப்பானாள்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு வசைமொழி. தன் மகளைத் தன்னிடமிருந்து பிரித்துவிட்டதாகச் சுரபாலா அன்னையை ஏசினார். ஒரு முறை விறகுக் கட்டையால் அடிக்கவும் ஓங்கினார். அக்கணத்தில், அந்தக் கை விழுந்துவிடும் என்ற பொருளில் ஒரு சொல் அன்னையின் வாயிலிருந்து வெளிப்பட்டுவிட்டது. மறுகணமே அவர் நடுநடுங்கி, குருதேவரிடம் மன்னிப்பு வேண்டினார். இந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர்கள் மறைக்காதது நமக்கு நன்மையே. மனநோயுற்றவரைப் பேணுபவரின் மனமும் தேயும். ஒரு நாள் சினம் பொங்கிவிட்டதற்காகக் குற்ற உணர்வில் புழுங்கும் தாய்மாரும் மருமகள்மாரும் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்!

சுரபாலா குணமடைந்தார் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அன்னை அவரை வெளியேற்றவில்லை. அவருடைய ஏச்சுக்கு எதிர்ச்சொல் தேடாமல் பெரும்பாலும் கேட்டும் கேளாதவராக இருந்தார். பதஞ்சலி கூறிய நான்காவது மனப்பாங்கு ஜயராம்பாடியின் மண்வீட்டில் இப்படித்தான் வாழப்பட்டது. அது உறவை அறுத்துக்கொள்வதன்று. வசையை விட்டுவிட்டு மனிதரைப் பற்றிக்கொள்வது.

பின்னர் ராதுவும் நோயுற்றாள். கருவுற்றிருந்த அவளால் சிறு ஓசையையும் தாங்க இயலவில்லை. கல்கத்தாவின் சந்தடி அவளுக்கு ஆகாது என்று கண்ட அன்னை, 1919-இல், 65 வயதைக் கடந்த நிலையில், தம் உடல்நலிவையும் பாராது, அவளை அமைதியான கோயால்பாரா கிராமத்திற்கு அழைத்துச் சென்று, மகப்பேறு முடியும்வரை உடன் தங்கினார்.