கைப்பிடிச் சுவரின் செலவு யாருடையது?

வீடு கட்டுகிறவருக்கு விவிலியத்தின் உபாகமம் ஒரு சட்டம் விதிக்கிறது. புது வீட்டின் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு யாராவது விழுந்து செத்தால் இரத்தப்பழி வீட்டுக்காரர்மேல். கதிரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்பது அதே நூலின் இன்னொரு சட்டம். வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கவும், ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கவும் லேவியராகமம் சொல்கிறது. கட்டட விதி, கால்நடை விதி, வேளாண்மை விதி என்று இன்றைய அரசுகள் தனித்தனித் துறைகளாகப் பிரித்து வைத்திருப்பவை அங்கே ஒரே வேதத்துக்குள் இருக்கின்றன.

இந்த விதிகள் எதுவும் இலவசம் அல்ல. சுவருக்குக் கல்லும் ஆளும் வேண்டும். மாடு தின்ற தானியம் களஞ்சியத்துக்கு வராது. ஆனால் செலவு யார் கணக்கில் ஏறுகிறது என்பதில் குழப்பமே கிடையாது. வீடு வைத்திருப்பவர், மாடு வைத்திருப்பவர், வயல் வைத்திருப்பவர்தான் கொடுக்கிறார்கள். கூலிக்காரர் தலையிலோ விருந்தாளி தலையிலோ அது விழுவதில்லை.

இன்று அறத்தைச் சட்டமாக்குவதில் அமெரிக்காவில் முன்னே நிற்கும் மாநிலம் கலிஃபோர்னியா. அங்கே வீடும் மின்சாரமும் நாட்டின் சராசரியைவிட வெகுவாக விலை கூடியவை. சில உணவுப் பொருள்களும் அப்படியே. சட்டங்களே காரணம் என்று ஒரு தரப்பும், சட்டம் இல்லாவிட்டால் காற்றும் நீரும் உயிரும் மிஞ்சாது என்று மறுதரப்பும் பல பத்தாண்டுகளாக மோதுகின்றன. அந்த மோதலுக்கு அடியில் ஒரு தத்துவக் கேள்வி கிடக்கிறது. ஒருவர் செய்யும் நன்மைக்கு வேறொருவர் விலை கொடுத்தால், அது அறம்தானா?

முதலில் பன்றியைப் பார்க்கலாம். அமெரிக்கப் பெரும்பண்ணைகளில் சினைப்பன்றியை அடைக்கும் இரும்புக் கூண்டு ஏறத்தாழ இரண்டடி அகலம், ஏழடி நீளம். அதற்குள் பன்றி எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது பண்ணைக்காரர்களின் கணக்கு. அந்தக் காலத்தின் பெரும்பகுதி கம்பிகளுக்கு நடுவே கழிகிறது. குட்டிகள் பால் மறந்ததும் மறுபடி சினை, மறுபடி கூண்டு.

2018 நவம்பரில் இதை நிறுத்தலாமா என்று கலிஃபோர்னியா வாக்காளர்களிடமே கேட்கப்பட்டது. முன்மொழிவு 12 என்ற அந்தச் சட்டத்துக்கு ஏறத்தாழ 63 சதவீதத்தினர் ஆதரவாக வாக்களித்தார்கள். தாய்ப்பன்றி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 சதுர அடி இடம் வேண்டும். அதற்குக் குறைவான இடத்தில் அடைபட்ட பன்றியின் குட்டி எந்த மாநிலத்தில் வளர்ந்திருந்தாலும் அதன் இறைச்சியைக் கலிஃபோர்னியாவில் விற்கக்கூடாது. நாட்டின் பன்றியிறைச்சியில் சுமார் 13 சதவீதத்தை உண்ணும் மாநிலம் அது. ஆனால் அங்கே பன்றி வளர்ப்பு மிகக் குறைவு, வருவதெல்லாம் ஐயோவா போன்ற மாநிலங்களிலிருந்துதான். எங்கள் தொழுவத்தை அளக்கக் கலிஃபோர்னியாவுக்கு என்ன உரிமை என்று பன்றி வளர்ப்போர் சங்கம் வழக்குப் போட்டது. 2023 மே 11 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச் தொட்ட ஒரு புள்ளி நீதிமன்றத்தைத் தாண்டியும் யோசிக்கத்தக்கது. பண்ணைக்காரருக்கு ஏறும் டாலர் செலவு ஒரு தட்டில். வாக்காளருக்கு வதையில் பங்கில்லை என்ற மனநிறைவு மறுதட்டில். இரண்டையும் நிறுக்கும் பொதுவான எடைக்கல் எந்த நீதிபதியிடமும் இல்லை, அது மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும் செய்ய வேண்டிய வேலை என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ் வாசகருக்கு இந்த வழக்கின் உயிர்நாடி புதிதல்ல. தின்பவர் இல்லாவிட்டால் விலைக்குக் கொன்று விற்பவரும் இருக்கமாட்டார் என்ற தர்க்கத்தைப் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் வைத்துவிட்டார். குற்றத்தில் வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு என்பதுதான் அதன் பொருள். கலிஃபோர்னியர்கள் அந்தப் பாதையில் பாதி தூரம் வந்திருக்கிறார்கள்: உண்பதை விடவில்லை, வதைத்து வளர்த்ததை விட்டார்கள்.

செலவு? சட்டம் நடைமுறைக்கு வந்தபின், அதற்கு உட்பட்ட இறைச்சியின் விலை கலிஃபோர்னியாவில் சராசரியாக 20 சதவீத அளவுக்கு ஏறியதாக அமெரிக்க வேளாண்துறைப் பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். தோள்கறியும் வயிற்றுக்கறியும் அன்றாடச் சமையலாக உள்ள மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ், வியட்நாம் வழிக் குடும்பங்களுக்கு அது சிறிய தொகை அல்ல. கூண்டுகளைப் பிடுங்கிவிட்டுத் தொழுவத்தை மாற்றிக் கட்டக் கடன் வாங்கும் சிறு பண்ணைக்காரருக்கும் அப்படித்தான். ஆனாலும் இந்தச் சட்டத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. விலை ஏறக்கூடும் என்று வாக்காளர் கையேட்டிலேயே அச்சிடப்பட்டிருந்தது. வாக்களித்தவரின் தட்டில்தான் விலையும் வந்து விழுந்தது. உயிருக்கு இரங்குகிறேன் என்று சொன்னவர் தன் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார்.

மனிதருக்கு இடம் அளந்த சட்டம் ஒன்றும் அதே மாநிலத்தில் இருந்தது. 1870-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நகரசபை, தங்கும் விடுதியில் ஆள் ஒருவருக்கு 500 கன அடி காற்று இருந்தாக வேண்டும் என்று விதித்தது. சுகாதாரம்தான் காரணம் என்றார்கள். ஆனால் போலீஸ் இரவில் புகுந்தது சீனர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சைனாடவுனுக்குள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கும் வாடகை கொடுத்துத் தங்க வழியில்லாத கூலித் தொழிலாளர்கள். அபராதம் கட்ட மறுத்து அவர்கள் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள்; சிறை நிரம்பி, அங்கே ஆளுக்கு 500 கன அடி காற்று இல்லாமல் போயிற்று. காற்றோட்டமான அறை நல்லதுதான். அந்த நன்மைக்கான விலையை அறைக்குள் நெருக்குண்டவரிடமே வசூலித்ததுதான் அநியாயம்.

இன்றைய வீட்டுச் சட்டங்கள் அவ்வளவு கொடியவை அல்ல. ஆனால் கணக்கு அதே திசையில்தான் போகிறது.

கலிஃபோர்னியச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1970-இல் கையெழுத்திட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். அரசுத் திட்டங்கள் இயற்கைக்கு என்ன கேடு செய்யும் என்று முன்கூட்டியே ஆராய்வது அதன் நோக்கம். அரசு அனுமதி வேண்டிய தனியார் கட்டுமானங்களுக்கும் அது பொருந்தும் என்று 1972-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பிறகு, பக்கத்து மனையில் அடுக்குமாடி வருவதை விரும்பாத எவரும் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் இழுத்தடிக்க முடிந்தது. பெர்க்லி நகரின் பீப்பிள்ஸ் பார்க்கில் சுமார் 1,100 மாணவர்களுக்கும் வீடிழந்த நூற்றுச் சொச்சம் பேருக்கும் குடியிருப்பு கட்டப் பல்கலைக்கழகம் முனைந்தபோது, மாணவர்கள் எழுப்பும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனிதர் குடியிருப்பதே மாசு என்ற இடத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்தது. சட்டமன்றம் அதே ஆண்டு விதியைத் திருத்தியது. 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் கட்டுமானத்துக்கு வழிவிட்டது.

வீட்டு வரி இன்னொரு பக்கம். 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய முன்மொழிவு 13, சொத்து வரியை வாங்கிய விலையின் ஒரு சதவீதத்தில் நிறுத்தி, அந்த மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றது. வருமானம் நின்றுபோன முதியவர் வரி கட்ட முடியாமல் வீட்டை இழக்கக்கூடாது என்ற கவலை உண்மையானது. விளைவு, ஒரே தெருவில் ஒரே மாதிரியான இரண்டு வீடுகளில், போன மாதம் குடிவந்த இளம் தம்பதி நாற்பதாண்டுக்கு முன் வாங்கியவரைப்போலப் பல மடங்கு வரி கட்டுகிறார்கள். மாநிலத்தில் வீட்டின் இடைநிலை விலை இப்போது 8 லட்சம் டாலரைத் தாண்டி, நாட்டு அளவைப்போல இரு மடங்காக நிற்கிறது. 2024 கணக்கெடுப்பில் வீடின்றித் தவித்தவர்கள் 1.87 லட்சம் பேர். நாடு முழுவதிலும் வீடற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று தமிழில் சொல்வது இதைத்தான். தெருவின் அழகும் பழைய மரங்களும் காப்பாற்றப்படுகின்றன. தேங்காய்க்குப் பணம் கொடுப்பவரோ இன்னும் அந்த ஊருக்கு வராத, அங்கே வாக்கே இல்லாத ஒருவர். நாம் பணக்காரராய்ப் பிறப்போமா ஏழையாய்ப் பிறப்போமா என்று தெரியாத நிலையில் நின்று விதிகளைத் தேர்ந்தெடுங்கள் என்று 1971-இல் தத்துவவாதி ஜான் ரால்ஸ் கேட்டார். வீட்டுக்காரராய்ப் பிறப்போமா, இரவில் காருக்குள் படுத்து உறங்கும் தொழிலாளியாய்ப் பிறப்போமா என்று தெரியாமல் முன்மொழிவு 13-க்கு வாக்களிக்கச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஆதரித்திருப்பார்கள்?

இதை அந்த மண்ணிலேயே வாழ்ந்து கண்டவர் ஹென்றி ஜார்ஜ். சான் ஃபிரான்சிஸ்கோவில் அச்சுத் தொழிலாளியாகவும் பத்திரிகையாளராகவும் இருந்த அவர் எழுதிய ‘முன்னேற்றமும் வறுமையும்’ 1879-இல் வெளிவந்தது. ஊர் வளர வளர நிலத்தின் மதிப்பு தானாக ஏறுகிறது. நிலம் படைத்தவன் எல்லோருக்கும் கொடுத்தது, உழைக்காமல் வரும் அந்த மதிப்பைச் சமூகம் வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் ஆழ்ந்த கிறித்துவ நம்பிக்கையுள்ள ஜார்ஜ். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் கடைசிவரை இக்கருத்தைப் போற்றினார். இதே ஜார்ஜ் சீனர் குடியேற்றத்தை எதிர்த்து எழுதியவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பூமி எல்லோருக்கும் என்றவரின் ‘எல்லோரில்’ சைனாடவுன்காரர் சேரவில்லை. அவருடைய தர்க்கம் அவரைவிடப் பெரியது.

சட்டமே வேண்டாம் என்பவர்கள் இந்த இடத்தில் மகிழ்ந்துவிட முடியாது. கலிஃபோர்னியாவின் மென்டோட்டா ஊருக்கு அருகே வயலில் நட்ட மின்கம்பத்தின் பக்கத்தில் ஜோசப் போலண்ட் என்ற நிலவியலாளர் நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது. அவர் காலடியில் 1977. தலைக்கு வெகு மேலே, 1925-இல் நிலம் எங்கே இருந்தது என்று காட்டும் பலகை. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் பூமி ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அமிழ்ந்திருந்தது. யாரும் எவ்வளவும் இறைக்கலாம் என்பதே அப்போதைய நிலைமை. மாநிலம் தழுவிய நிலத்தடி நீர்ச் சட்டம் 2014-இல்தான் வந்தது. வறட்சி நிலவிய அதே ஆண்டில் ஈஸ்ட் போர்ட்டர்வில் என்ற சிற்றூரில் வீட்டுக் கிணறுகள் வரிசையாக வற்றி, பெரும்பாலும் பண்ணைக் கூலிகளான லத்தீனோ குடும்பங்கள் தொட்டித் தண்ணீரில் காலம் தள்ளின. விதியில்லாமையின் விலையும் ஆழமாகத் தோண்ட வசதியில்லாதவரிடம்தான் போய்ச் சேர்ந்தது. 2040-க்குள் நீரெடுப்பைச் சமநிலைக்குக் கொண்டுவர, இந்த ஊர்கள் இருக்கும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் குறைந்தது 5 லட்சம் ஏக்கரைத் தரிசாக விட வேண்டியிருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. நிலத்துக்கு ஓய்வு கிடைக்கும். அந்த வயல்களில் பழம் பறித்தவர்களின் கூலியை யார் ஈடுகட்டுவது என்பது அதோடு சேர்த்துத் தீர்க்க வேண்டிய கணக்கு.

மின்சாரத்தில் இந்தக் கணக்கை நேராக்க ஒரு முயற்சி நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 30 சென்ட்டுக்கு மேல். நாட்டு சராசரி 17 சென்ட் அளவில். 2018-இல் பாரடைஸ் ஊரை எரித்து 85 உயிர்களைக் குடித்த காட்டுத்தீ, ஒரு பழைய மின்தடத்தின் தேய்ந்துபோன கொக்கி அறுந்ததால் மூண்டது. அப்படி இன்னொன்று மூளாமல் தடுக்கும் செலவும் மற்ற பொதுச் செலவுகளும் யூனிட் விலையிலேயே ஏற்றப்பட்டன. கூரையில் சூரியத் தகடு வைத்த கடற்கரை வீட்டுக்காரர் குறைவாகக் கொடுக்கிறார். உள்நாட்டு நகரான பேக்கர்ஸ்ஃபீல்டின் 40 டிகிரி வெயிலில் வாடகை வீட்டில் ஏசி ஓட்டியே ஆக வேண்டியவர் கூடுதலாகக் கொடுக்கிறார். 2024 மே மாதம் மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் யூனிட் விலையைக் குறைத்து, மாதம் 24.15 டாலர் நிலைக்கட்டணம் விதித்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு 6 அல்லது 12 டாலர். சிக்கனமாக இருப்பவருக்கு இது தண்டனை என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனாலும் தாங்கும் தோளைப் பார்த்துப் பாரத்தை வைக்கும் விதி இது. சொத்து வரிப் பக்கம் அந்த விதி இன்னும் போகவில்லை: வீடுகளைத் தொடாமல், பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை விலையில் வரி கேட்ட முன்மொழிவு 15-ஐ 2020 நவம்பரில் 52 சதவீத வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.