பழுது பார்க்கும் தர்மம்

மூத்த மிருதங்க வித்வான் ஒருவரிடம், "இது தங்கள் குருநாதர் வாசித்த மிருதங்கம்தானா?" என்று கேட்டால் அவர் சற்றும் தயங்காமல் "ஆம்" என்பார். ஆனால் அதன் தோல் எத்தனையோ முறை மாற்றப்பட்டிருக்கும். வார் புதிதாக இழுக்கப்பட்டிருக்கும். வலந்தலையின் கரணை பலமுறை தேய்ந்து மீண்டும் இடப்பட்டிருக்கும். குருநாதரின் விரல் பட்ட இடம் ஒன்றுகூட இன்று அதில் இல்லை. எஞ்சியிருப்பது பலாமரக் கட்டை மட்டுமே. அப்படியிருந்தும் வித்வான் சொல்வது பொய்யன்று. வீணையின் கதையும் இதுவே. மெழுகும் கரித்தூளும் கலந்த மேளம் காலப்போக்கில் தளர்ந்துவிடும். அதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, இருபத்து நான்கு மெட்டுகளையும் புதிதாகப் பதிக்கிறார்கள். "பாட்டி வாசித்த வீணை" என்றுதான் வீட்டார் அதைத் தொடர்ந்து அழைக்கின்றனர்.

உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறிய பின்னும் ஒரு பொருள் அதே பொருளாக இருக்க முடியுமா? கிரேக்கர்கள் தீஸியஸின் கப்பலை முன்வைத்து இந்தக் கேள்வியை எழுப்பினர். நம் நாட்டில் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி மிலிந்த மன்னனிடம், அவன் ஏறிவந்த தேரைக் காட்டி, "அச்சா தேர்? சக்கரமா தேர்? நுகமா தேர்?" என்று வினவினார். இது அறிஞர்களின் வாதப் பொழுதுபோக்கு போலத் தோன்றலாம். ஆனால் பழையது ஒன்று நம் பொறுப்பில் வந்து சேரும் நாளில் இதுவே தர்ம சங்கடமாகிவிடுகிறது. எதை மாற்றலாம்? எதை மாற்றக் கூடாது? மாற்றியதை மாற்றியதாகச் சொல்ல வேண்டுமா?

இருபது டன் இழுவிசை

மேலைநாட்டு இசைக்கருவியான கிராண்ட் பியானோவைப் பழுது பார்ப்பவர்கள் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகச் சந்திக்கின்றனர். 1700ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய கருவி அது. இன்றைய வடிவில் அதற்கு 88 கட்டைகளும் ஏறத்தாழ 230 கம்பிகளும் உண்டு. அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய இருபது டன். அதைத் தாங்குவதற்காக உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கிறது. அதன் அடியில் ஸ்ப்ரூஸ் என்னும் மென்மரத்தால் ஆன நாதப்பலகை, கண்ணுக்குத் தெரியாத அளவு மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. கம்பியின் அதிர்வை வாங்கி அறை முழுவதும் நிரப்புவது அந்தப் பலகைதான்.

நம் நாட்டின் ஈரக்காற்றும் கோடையும் இக்கருவிக்குப் பெரும் சோதனை. மழைக்காலத்தில் மரம் உப்புகிறது. கோடையில் சுருங்கி விரிசல் விடுகிறது. கம்பி துருவேறுகிறது. சுத்தியல்களில் உள்ள கம்பளியைப் பூச்சி அரிக்கிறது; பெட்டியைக் கரையான் நாடுகிறது. வெள்ளையர் காலத்தில் பங்களாக்களுக்கும் தேவாலயங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வந்திறங்கிய பல பியானோக்கள் இவ்வாறே ஊமையாயின.

அத்தகைய ஒன்று பட்டறைக்கு வந்தால் கைதேர்ந்தவர் முதலில் எதையும் கழற்றுவதில்லை. நெடுநேரம் பார்க்கிறார், ஒவ்வொரு கட்டையையும் தட்டிக் கேட்கிறார். கம்பி, கம்பளி, முறுக்காணி இறுகும் மரக்கட்டை ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை. அவற்றை மாற்றுவதில் அவருக்குத் தயக்கம் இல்லை. இரும்புச் சட்டமும் வெளிப்பெட்டியும் நிலைத்திருக்கின்றன. நாதப்பலகையில்தான் அவர் கை நிற்கிறது. விரிசலில் மெல்லிய மரச்சீவலை வைத்து ஒட்டிப் பழைய பலகையையே காப்பாற்றுவதா, அல்லது புதிய பலகை பொருத்துவதா? பழையதைக் காத்தால் நாதம் சற்று மங்கலாகவே இருக்கலாம். புதியதைப் பொருத்தினால் நாதம் துலங்கும். ஆனால் அது பழைய குரல்தானா? இந்தத் துறையின் பெரியவர்களே இன்றுவரை இதில் ஒருமனப்படவில்லை. ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. எதைச் செய்தாலும் அதை உடையவரிடம் சொல்லிவிட வேண்டும். முழுவதும் புதிதாக்கிய கருவியின்மீது பழைய பெயர்ப்பலகையை மாட்டி, "நூறாண்டுக் கருவி" என்று விற்பது பழுது பார்ப்பதன்று, வஞ்சனை.

செப்பேட்டில் எஞ்சியது

ஒரு கருவிக்கு நேர்வது ஒரு பாடலுக்கும் நேரும். சித்தூரையும் திருப்பதியையும் சூழ்ந்த நிலப்பகுதி இதற்கு இரண்டு அரிய சான்றுகளை வைத்திருக்கிறது.

1919 பிப்ரவரியில் கவி ரவீந்திரநாத தாகூர், அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் பிரம்மஞான சங்கக் கல்லூரிக்கு வந்து தங்கினார். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸின் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் மேலைநாட்டு இசையில் பட்டம் பெற்றவர். தாகூர் 'ஜன கண மன' பாடலைப் பாட, அம்மையார் அதன் இசையைச் சுரக்குறிப்பாக எழுதி வைத்தார். அந்நாளில் அங்கே தாகூர் அப்பாடலை ஆங்கிலத்திலும் தந்தார். 1950இல் நாட்டின் கீதமாக ஏற்கப்பட்ட பாடலின் சொல்லும் சுரமும் இவ்வாறு ஒரு சிற்றூரில் ஒருசேரத் தாளில் ஏறின.

மதனப்பள்ளிக்குக் கிழக்கே திருமலையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) வேங்கடவன்மீது பாடிய பல்லாயிரம் சங்கீர்த்தனங்களை அவர் வழியினர் செப்பேடுகளில் பொறித்து, ஆலயத்துக்குள்ளேயே ஓர் அறையில் வைத்தனர். செம்பு அழியவில்லை. அதில் பொறித்த சொற்கள் நின்றன. ஒவ்வொரு பாடலின் தலைப்பிலும் இராகத்தின் பெயர் இருந்தது. ஆனால் மெட்டு இல்லை. அதைக் குருவின் குரலும் சீடனின் செவியும் காக்கும் என்று முன்னோர் நம்பினர் போலும். எங்கோ ஒரு தலைமுறையில் அந்தக் குரல் நின்றுபோயிற்று. 1922ஆம் ஆண்டையொட்டி சாது சுப்பிரமணிய சாஸ்திரியாரின் முயற்சியால் செப்பேடுகள் வெளிவந்தபோது, கிடைத்தது பாட்டின் உடல், மூச்சு கிடைக்கவில்லை.

வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் போன்ற அறிஞர்கள் பாடங்களை ஒழுங்குபடுத்திப் பதிப்பித்தனர். பின்னர் அப்பொறுப்பை ஏற்ற இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) தமிழறிஞர் சிலரைப் போலவே இலக்கியம், இசை இரண்டிலும் ஆழ்ந்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அவர் இசையமைத்தார். ஏட்டில் கண்ட இராகங்களுள் சில வழக்கொழிந்திருந்தன. பெயர் அப்படியே இருந்தாலும், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த இராகம் எப்படி ஒலித்தது என்பதை யாரும் கேட்டதில்லை. எனவே அவர் செய்தது மீட்பு மட்டுமன்று, ஒருவகையில் படைப்பும்கூட. அவருக்குப் பின் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய வித்வான்களும் இப்பணியைத் தொடர்ந்தனர். எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்களின் குரலில் அப்பாடல்கள் நாடெங்கும் வீடுகளின் விடியற்காலையை நிறைத்தன.

இவையெல்லாம் அன்னமாச்சாரியாரின் பாடல்களா? ஆம், சொல்லும் பக்தியும் அவருடையவை. இசை? அது பிறருடையது. நல்ல வேளையாக இதை யாரும் மறைக்கவில்லை. பாடல் அன்னமாச்சாரியாருடையது, இசையமைப்பு இன்னாருடையது என்று தனித்தனியே குறிப்பிடும் வழக்கம் இன்றும் உள்ளது. சிறிய குறிப்புதான், ஆனால் அதில்தான் சத்தியம் நிற்கிறது. தமக்கும் மூலவருக்கும் இடையே ஒரு கோடு கிழித்து, "இதுவரை அவர், இதற்குமேல் நான்" என்று சொல்லும் பணிவு இல்லாதவர் பழையதைத் தொடுவதற்கு உரியவர் அல்லர்.

பாலாலயம் சொல்லும் வழி

ஆகமங்கள் இந்தச் சிக்கலை ஆழமாகச் சிந்தித்திருக்கின்றன. ஜீர்ணோத்தாரணம், அதாவது சிதைந்ததை மீட்டெடுத்தல், ஆகமங்களில் ஒரு தனிப் பகுதி. திருமலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அஷ்டபந்தன பாலாலய மகாசம்ப்ரோக்ஷணம் 2018 ஆகஸ்டில் நடைபெற்றது. அதன் முறையைக் கவனியுங்கள். முதலில் மூலவரின் சக்தி கும்பத்தில் ஆவாகனம் செய்யப்பட்டு, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்யப்படுகிறது. அதன் பின்னரே திருப்பணி தொடங்குகிறது. பீடத்தின் அஷ்டபந்தன மருந்து புதிதாகச் சாத்தப்படுகிறது. எல்லாம் முடிந்த பிறகு சக்தி மீண்டும் மூலவரிடம் சேர்க்கப்படுகிறது.

இதில் ஒரு பெரிய பாடம் உள்ளது. கல்லைத் தொடும் முன், கல்லுக்காக இந்தக் கோவில் இல்லை, எதற்காக இருக்கிறது என்பதை ஒருவன் அறிந்திருக்க வேண்டும். அதைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும். பிறகே உளியைக் கையில் எடுக்கலாம். பியானோவைத் தட்டிக் கேட்கும் தொழிலாளி செய்வதும் இதுதான். அவர் மரத்தைத் தேடவில்லை, நாதத்தைத் தேடுகிறார். எது சாரம் என்று தெரியாதவன் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வான். எதையும் மாற்றக் கூடாது என்று பிடிவாதமாய் நின்று, துருவோடும் கரையானோடும் கருவியைச் சாகவிடுவான். அல்லது எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வான். முன்னதைப் பக்தி என்றும் பின்னதை முன்னேற்றம் என்றும் அவன் அழைக்கக்கூடும். 1897இல் சென்னையில் பேசிய சுவாமி விவேகானந்தர், தாம் சீர்திருத்தத்தை நம்பவில்லை, வளர்ச்சியையே நம்புவதாகக் கூறியதன் பொருள் இங்கே விளங்குகிறது. வெளியிலிருந்து இடித்துக் கட்டுவது ஒன்று. உள்ளிருக்கும் உயிரைப் பேணி, அது தன் உடலைத் தானே புதுப்பித்துக்கொள்ளச் செய்வது வேறொன்று.

வேதாந்தம் சாக்காகக் கூடாது

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உடல் என்பது உடை, ஆத்மா பழைய உடையைக் களைந்து புதியதை அணிகிறது என்று பகவான் கீதையில் உபதேசிக்கிறார். அதைக் கேட்ட நாம், "சாரம் அழியாது, வடிவம் போனால் என்ன?" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராஜகோபுரம், 2010 மே 26 அன்று இரவு இடிந்து விழுந்தது. விரிசல்கள் முன்பே கண்ணில் பட்டிருந்தன. பின்னர் அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்து, 2017இல் குடமுழுக்கும் நடந்தது. இன்று அதன் முன் கைகூப்புகிற பக்தனுக்கு அது கோபுரம்தான், வணங்கத்தக்கதுதான். ஆனால் 1516ஆம் ஆண்டுச் சிற்பியின் உளி பட்ட இடம் திரும்பி வராது. அந்த இழப்பு இழப்பே. அதைத் தத்துவத்தால் மூடுவது சிற்பிக்கும் சத்தியத்துக்கும் செய்யும் அநீதி.

கீதை அவ்வுபதேசத்தைத் துயரில் மூழ்கியவனின் கடமையுணர்வை எழுப்பவே சொன்னது. கடமையில் தூங்குபவனுக்குத் தலையணை தருவதற்காகச் சொல்லவில்லை. விரிசலைக் கண்டவன் அன்றே அதைப் பார்க்க வேண்டும். வடிவம் நிலையற்றது என்பது உண்மையானால், அதனாலேயே அது நம் கவனத்துக்குக் கூடுதல் உரிமை உடையது. அழியாததை நாம் காக்க வேண்டியதில்லை. அழியக்கூடியது மட்டுமே நம்மை நம்பி இருக்கிறது.

மனிதனைப் புதுப்பித்தல்

எல்லாவற்றிலும் பழமையான, பழுதுபட்ட கருவி ஒன்று நம் அனைவரிடமும் உள்ளது. அது நம் மனம். இளமையில் தொடங்கிய ஜபம் பல ஆண்டுகளாக நின்றுபோயிருக்கலாம். தீய பழக்கம் ஒன்று வேரூன்றியிருக்கலாம். "இனி என்னைச் சீர்ப்படுத்த முடியாது" என்று ஒருவர் துவள்கிறார். "நாளை முதல் முற்றிலும் வேறு மனிதனாகிறேன்" என்று இன்னொருவர் சூளுரைக்கிறார். இருவருமே பட்டறையின் பாடத்தை அறியாதவர்கள்.

புதுக் கம்பி பூட்டிய பியானோவை ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றி நிலைநிறுத்த முடியாது. ஒரு பக்கத்தை இறுக்கினால், முன்பு சேர்த்த பக்கம் இறங்கிவிடும். நாதப்பலகை அமுங்குவதே காரணம். கம்பியும் நீண்டுகொண்டே இருக்கும். மீண்டும் மீண்டும், சில வாரங்களும் மாதங்களும் இடைவிட்டுச் சுருதி சேர்க்க வேண்டும். இறங்கிவிட்டதைத் தோல்வி என்று எந்தத் தொழிலாளியும் கருதுவதில்லை. அது மரம் தன் புதிய பாரத்தைப் பழகும் விதம் என்று அவருக்குத் தெரியும். சாதகனின் சறுக்கல்களும் பெரும்பாலும் அத்தகையவையே.

நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷின் வாழ்வை நினைத்துப் பார்ப்போம். குடியும் கட்டற்ற வாழ்வுமாக இருந்தவர், தம் ஆன்மிகப் பொறுப்பு முழுவதையும் ஸ்ரீராமகிருஷ்ணரிடமே ஒப்படைத்தார். நாடகத்தை விட்டுவிட அவர் விரும்பியபோது, குருதேவர் அதைத் தொடரும்படியே சொன்னார். குடியை விடு என்று கட்டளையிடவும் இல்லை. அது நாளடைவில் தானாக உதிர்ந்தது. கிரீஷின் திறமை, கட்டற்ற உணர்ச்சி, துணிவு ஆகிய எதையும் குருதேவர் உடைக்கவில்லை. அவையே கருவியின் இரும்புச் சட்டம். மாறியது சுருதி மட்டும். அந்தச் சுருதியில் அதே மனிதர் இறுதிவரை எழுதினார்.

ஆகவே அன்பர்களே, நம்மிடம் வந்து சேர்ந்த பழையது எதுவாயினும் – கோவிலாயினும் பாடலாயினும் குடும்ப வழக்கமாயினும் நம் சொந்த மனமாயினும் – முதலில் சற்று அமர்ந்து, தட்டிக் கேட்போம். அதன் நாதம் எங்கே இருக்கிறது என்று அறிந்து, அதைப் பாலாலயத்தில் வைப்போம். தேய்ந்ததைத் தயங்காமல் மாற்றுவோம். மாற்றியதை மறைக்காமல் சொல்வோம். திரும்பி வராததற்காக ஒரு கணம் தலை குனிவோம். பிறகு பொறுமையாக, நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுருதி கூட்டுவோம். வாசிப்பவன் வேறொருவன், கருவியைத் தயாராக வைத்திருப்பதே நம் பங்கு.