உரிமையா, உதவியா?

மேட்டூரில் ஆலை வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், ஜும்ஆ முடிந்து திரும்புகையில் ஒரு சந்தேகம் கேட்டார். "ஜகாத் வாங்க என் மனம் ஒப்பியதில்லை, பாய். ஆனால் ஈ.எஸ்.ஐ. மருந்து வாங்குகிறேன், உடம்புக்கு முடியாமல் படுத்தால் பணமும் வாங்குகிறேன். இதுவும் கையேந்துவதுதானே?"

இதே கேள்வி சீமையிலும் எழுந்ததுண்டு. 1931-க்குப் பின் அங்கே வேலையிழந்தவனுக்கு உதவித்தொகை வேண்டுமானால், அதிகாரி வீட்டுக்கே வந்து, யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று துருவி விசாரிப்பார். பட்டினியைவிட அந்தச் சோதனைதான் பலரை வாட்டியது. யுத்தத்தின் நடுவே, 1942 டிசம்பரில் வந்த பெவரிட்ஜ் அறிக்கை வேறு வழி சொன்னது. வாரந்தோறும் சந்தா கட்டுங்கள்; நோயோ முதுமையோ வேலையின்மையோ வந்தால் சோதனையின்றிப் பெறுங்கள். 1946-ல் அது சட்டமாயிற்று.

நம் நாட்டில் பேராசிரியர் அடார்கர் 1944-லேயே தொழிலாளருக்கு இத்தகைய திட்டம் வகுத்துத் தந்தார். 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது; 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் அமலுக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கட்டும் பணம் அது. ஆகவே சகோதரர் வாங்குவது தர்மமன்று.

ஆனால் ஜகாத்தை அவர் தாழ்வாக எண்ணியது சரியா? செல்வரின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் ஹக்கு உண்டென்றுதானே திருமறை கூறுகிறது! ரமலானில் வாசலில் வரிசையாக நிற்க வைத்துச் சில்லறை விநியோகிக்கும் நம்மவர்கள்தாம் அதைக் கேவலமாக்கினார்கள்.

தெருவில் யாசித்த முதிய யூதர் ஒருவரை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். வாலிபத்தில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நியாயமல்ல என்று பைத்துல்மாலிலிருந்து அவருக்குப் பொருள் வழங்கச் செய்தார்கள். இமாம் அபூ யூசுஃப் 'கிதாபுல் கராஜ்' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சரி, சந்தா கட்டியதால்தான் உரிமை என்றால், கட்ட வழியில்லாதவன் கதி என்ன? 1948 சட்டம் முதலில் கருத்தில் கொண்டது, இயந்திர சக்தியில் இயங்கி 20 பேராவது வேலை செய்யும் ஆலைகளைத்தான். அணையில் பரிசலிலிருந்து வலை வீசுபவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? பிடித்தம் ஏது?

இதைச் சொன்னதும் சகோதரர் சற்று மௌனமானார். தம் தெருவில் பரிசல்காரர் ஒருவர் இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார் என்றார். அவர் மனம் நோகாமல், யார் கண்ணிலும் படாமல் அவர் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பேசிக்கொண்டே பஸ் நிலையம் வரை நடந்துவிட்டோம்.