அருவிக்கரை நீரும் அகத்தியர் மலையும்

நீரின் தூய்மை நீரிலேயே உள்ளதா, அதை அணுகுவோரை விலக்கி வைப்பதில் உள்ளதா என்பது இந்தியச் சமய வாழ்வில் நெடுங்காலமாகத் தீராத கேள்வி. திருவனந்தபுரத்தின் குடிநீர் வரலாற்றிலும் அது இழையோடுகிறது. அகத்தியமலைத் தொடரில் பிறக்கும் கரமனை ஆற்றின் நீரை அருவிக்கரையில் தேக்கி நகருக்குக் கொண்டுவரும் திட்டம், அன்றைய வைசிராய் வில்லிங்டன் பெயரால் 1933-இல் தொடங்கும் வரை, மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பியிருந்தனர். கோயில் குளம் தீர்த்தம், அதாவது நீராடுவோரின் பாவம் போக்குவதாக நம்பப்படும் புனித நீர்நிலை. ஆனால் சில சாதியார் நெருங்கினாலே அந்நீர் தீட்டுப்படும், அதாவது சடங்குத் தூய்மையை இழக்கும் என்றும் நகரம் அடங்கிய அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானம் கருதியது. பாவத்தையே கழுவவல்ல நீர் ஒரு மனிதரின் அருகாமையால் கெட்டுவிடும் என்னும் முரண்பாட்டுக்கு எந்தச் சாத்திர விளக்கமும் போதாது.

அருவிக்கரைத் திட்டம் இம்முரண்பாட்டைத் தீர்த்துவிடவில்லை; குழாய் யார் வீட்டுக்குச் சென்றது என்பது தனிக் கேள்வி. ஆயினும் ஒரே தேக்கத்திலிருந்து வந்து, ஒரே நிலையத்தில் வடிகட்டப்பட்ட நீருக்குத் தூய்மையின் அளவுகோல் குடிப்பவரின் பிறப்பன்று, நீரிலுள்ள அழுக்கும் கிருமியுமே ஆயின. சாதி பாராமல் இந்துக்கள் அனைவருக்கும் கோயில்களைத் திறந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல் வெளியானது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று சொல்ல இடமில்லை, எனினும் இரண்டும் ஒரே தலைமுறையின் கண்முன் நிகழ்ந்தன. கமண்டலத்தில் அடைபட்டிருந்த காவிரியைப் பிள்ளையார் காகமாக வந்து கவிழ்த்து விடுவித்தார் என்று, கரமனை பிறக்கும் மலைக்குப் பெயர் தந்த அகத்திய முனிவரின் கதையே கூறுவதால், பூட்டி வைத்த நீரினும் பரவி ஓடும் நீரை உயர்வாகக் கொண்ட பார்வையும் மரபுக்குள் இருந்ததை உணரலாம்.

நகரின் தேவை பெருகவே, அதே ஆற்றில் அருவிக்கரைக்கு மேலே பேப்பாறை அணை எழுந்தது. அதன் நீர்ப்பிடிப்புக் காடு, அதாவது மழையை வாங்கி வேராலும் இலைமட்காலும் பிடித்து வைத்து மெல்ல ஆற்றுக்குத் தரும் நிலப்பரப்பு, 1983-இல் ஏறத்தாழ 53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வனவிலங்குச் சரணாலயமாயிற்று. இங்கும் விலக்கு உண்டு, ஆனால் நெருப்பு, வேட்டை, மரம் வெட்டுதல் என்னும் செயல்களை விலக்குவது வேறு, பிறப்பைக் கொண்டு மனிதரை விலக்குவது வேறு. அகத்தியர் பிரம்மச்சாரி என்னும் நம்பிக்கையைக் காட்டி, அகத்தியமலைத் தொடரில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் உச்சிக்குப் பெண்கள் ஏறுவதைத் தடுத்தது இரண்டாம் வகை. பாலினத்தைக் கொண்டு தடுக்கலாகாது என்று 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது நியாயமே.

அத்தடையை வேண்டியவர்களுள் அம்மலையைத் தம் தெய்வத்தின் இருப்பிடமாக வணங்கும் காணி பழங்குடியினரும் இருந்ததால், சிக்கல் அத்தீர்ப்போடு முடியவில்லை. பெண்களை விலக்கும் கோரிக்கையை ஏற்க இயலாது. ஆனால் சரணாலய எல்லை வகுக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அக்காடுகளில் வாழ்ந்துவந்த காணிகளை, நகரம் குடிக்கும் நீரின் பெயரால் அந்நியராக நடத்துவதும் ஒரு தீட்டுக் கோட்பாடே. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்குக் காட்டில் வாழும் உரிமையோடு அதைக் காக்கும் உரிமையையும் ஏற்றுள்ளது. பேப்பாறைக் காட்டின் காவலில் காணிகளின் சொல்லுக்கு வனத்துறையின் சொல்லுக்கு நிகரான இடம் வேண்டும்.