ஏரும் அறமும்

கருவிக்குத் தனியே அறம் இல்லை. கையாள்வோனின் நோக்கமே அதனை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்குகின்றது என்பர். ஏரினை முன்வைத்து ஆராயுமிடத்து இக்கொள்கை நிறைவுடையதன்று என்பது புலனாகும்.

ஏர், கலப்பை, நாஞ்சில், மேழி எனத் தமிழில் இக்கருவி சார்ந்த பெயர்கள் பல. ஏர் என்னும் சொல் அழகையும் குறிக்கும். உழத்தல் என்பது வருந்துதலையும் உணர்த்தும். நாஞ்சில் பலராமனின் படைக்கலம். மேழி வேளாளரின் கொடி. அழகும் வருத்தமும், படையும் பெருமையும் ஒரு கொழுமுனையிலே கூடிநிற்கின்றன.

விவிலியத்திலே ஏசாயா வாள்கள் கொழுக்களாகும் காலத்தைக் கண்டார்; யோவேலோ கொழுக்களை வாள்களாக்குமாறு கூறினார். இரும்பு ஒன்றே. திருக்கோணமலையில் இது வெறும் உவமையன்று. லிங்கநகரை அடுத்த துறைமுகம் 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக விளங்கியது; 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயது. அதே மாவட்டத்திலேதான் கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்களும் உள்ளன. 2009இல் முடிவுற்ற போரின்போது உழவர் பலர் நிலத்தைவிட்டு அகல நேர்ந்தது. வாள் எழுந்தவிடத்து ஏர் ஓய்ந்தது.

எனினும், வாள் தீது, ஏர் நன்று என முடித்தல் எளிது. உழவிலும் ஊறு உண்டு. அசுவகோசரின் புத்தசரிதத்திலே, உழுபடையால் மடிந்த சிற்றுயிர்களையும், களைத்த உழவரையும் எருதுகளையும் கண்டு சித்தார்த்தர் இரங்குகின்றார். மனுநூலோ, நிலத்தையும் அதில் வாழும் உயிர்களையும் வருத்துவதெனக் கூறி, உழவினின்று அந்தணரை விலகச் சொல்கின்றது. முன்னது இரக்கம், பின்னது வினையைப் பிறர் தோளில் ஏற்றுதல். விலகியவனும் உண்கின்றான். விளைச்சலிற் பங்குடையவன் வினையிலும் பங்குடையவனே. மேழியைக் கொடியில் ஏந்தியோர் எல்லோரும் அதனைக் கையில் ஏந்தியவரல்லர். குத்தகை உழவரைக் காக்க இலங்கையில் 1958இல் நெற்காணிச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது.

அங்ஙனமாயின் ஊறு எவ்வாறு அறமாகும்? உழவரை உலகத்தின் அச்சாணி எனப் போற்றிய வள்ளுவரே, அவ்வதிகாரத்திலே உழுதலினும் எருவிடுதல் நன்று எனவும், நீர் பாய்ச்சுதலினும் காத்தல் நன்று எனவும் வரிசைப்படுத்துகின்றார். பிளத்தல் தொடக்கம் மாத்திரமே. பேணுதலே அதனை நியாயப்படுத்துகின்றது. நன்னோக்கம் கொழுவைப் பதிக்கும் கணத்தோடு முடிந்துவிடலாம்; பொறுப்போ அறுவடைவரை நீள்வது.

நிலத்தைக் கீறுவோர்க்கு மாத்திரமன்றிச் சமுதாயத்தைக் கீறித் திருத்த முனைவோர்க்கும் இது பொருந்தும். கீறியபின் காவாதவன் கையில், ஏரும் வாளே.