சுருதி கேட்கும் அளவுக்கு

சென்னையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் கச்சேரி கேட்பவருக்கு முதலில் காணாமல் போவது தம்புரா. வண்டி நடைமேடையை விட்டு வேகம் பிடிப்பதற்குள் சுருதி கரைந்துவிடும். அடுத்து, வீணையில் ஒரு கமகம் முடியும் இடத்தில் இழையும் மெல்லிய நாதம் போகும். பிறகு மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி. பாடகரின் குரல்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். சக்கரமும் மோட்டாரும் எழுப்புவது பெரும்பாலும் கீழ்ஸ்தாயி இரைச்சல். அது தன் ஸ்தாயியில் உள்ளதை மறைப்பதோடு நிற்காது, தனக்கு மேலே இருப்பதிலும் ஒரு பகுதியை விழுங்கும். நம் உட்காதின் அமைப்பு அப்படி.

கை தானாகப் போனின் பக்கவாட்டுப் பொத்தானுக்குப் போகிறது. இரண்டு அழுத்து, மூன்று அழுத்து. கிண்டியில் வண்டி நிற்கும்போது பாட்டு காதில் அறைகிறது. அதே ஒலி இரண்டு நிமிடத்துக்கு முன் போதாமல் இருந்தது.

வெளியே எடுத்துப் போக முழு அளவு ஹெட்போன் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஓடும் வண்டியில் எவ்வளவு குறைந்த ஒலியில் சுருதி கேட்கிறது என்று பாருங்கள். மற்ற கணக்குகளெல்லாம் அதற்குப் பிறகு.

*

காதின் மேல் உட்காராமல், காதையே உள்ளே வாங்கிக்கொள்ளும் கிண்ணம் உள்ளதைத்தான் முழு அளவு என்கிறோம். இவை தெருவுக்காகப் பிறந்தவை அல்ல. 1910இல் அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன் செய்தார். வாங்கியது கடற்படை. 1958இல் மில்வாக்கியில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போன் கொண்டுவந்தபோது அது ரிக்கார்டு பிளேயரின் பக்கத்தில் அமர்ந்து கேட்பதற்கு. 1979 ஜூலையில் வந்த சோனி வாக்மேன்தான் பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த ஹெட்போன் சுமார் 50 கிராம். ஒரு மெல்லிய உலோகப் பட்டை, இரண்டு பஞ்சு வட்டங்கள். நடப்பவருக்கு எடை ஆகாது என்பது அன்றைய கணக்கு.

பெரிய கிண்ணங்கள் வீதிக்கு வந்தது வெகு பின்னால். 2008இல் பீட்ஸ் வந்த பிறகு ஹெட்போன் காதுக்கான பொருளாகவும் கண்ணுக்கான பொருளாகவும் ஆனது. கழுத்தில் தொங்கவிட்டபடி, பாட்டே ஓடாமல், கல்லூரி வாசலில் நிற்கிற பையன்களைப் பார்க்கிறேன். அதிலும் தவறில்லை. மைனர் செயினைவிடப் பயனுள்ளது.

*

திறந்த முதுகு, மூடிய முதுகு என்று இரண்டு ஜாதி. 1968இல் சென்ஹைசர் எச்டி 414 மஞ்சள் பஞ்சோடு வந்தபோது திறந்த வகைக்குப் பெரிய பெயர் கிடைத்தது. கிண்ணத்தின் பின்புறம் அடைபடாததால் ஒலி தலைக்குள் முட்டி நிற்காமல் வெளியே விரிவதுபோல் இருக்கும். இரவில், வீட்டில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டால் அதற்கு ஈடு கிடையாது. ரயிலில் அது எதற்கும் ஆகாது. ரயில் முழுக்க உள்ளே வரும், உங்கள் பாட்டு முழுக்கப் பக்கத்து சீட்டுக்குப் போகும். போனை ஸ்பீக்கரில் அலறவிட்டு ஊருக்கே ரீல்ஸ் காட்டுகிறவர் இருக்கும் பெட்டியில் இதை யாரும் குற்றமாகச் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் வெளியே எடுத்துப் போவதென்றால் மூடிய வகைதான்.

*

கடையில் ஒன்றைச் சோதிக்க என்னிடம் உள்ள பாட்டு ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம்.

மிருதங்கத்தின் வலந்தலையில் கருப்பாக அப்பிய கரணை இருக்கிறது. 1920இல் கல்கத்தாவில் இருந்த சி.வி. ராமன், சிவகாலி குமாரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். வெறும் தோல் கட்டிய முரசு ஒழுங்கற்ற மேற்சுரங்களைக் கிளப்பும். கரணையின் பாரம் அவற்றை இழுத்து, ஒரு தந்தி வாத்தியத்தில் போல அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளில் நிறுத்துகிறது. மிருதங்கம் சுருதி சேர்வதன் காரணம் அது. மடங்குகள் மேலே விரிந்து கிடப்பதால் வலந்தலையை எந்த மட்டமான ஹெட்போனிலும் ஓரளவு அடையாளம் காணலாம். இடக்கைப் பக்கம் வேறு கதை. ரவைப் பசை தடவிய தொப்பியின் கும்கி முழுக்கக் கீழே இருக்கிறது. கிண்ணத்துக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சி அளவு இடைவெளி இருந்தால் முதலில் அதுதான் வழிந்து போகும்.

ஆகவே தனி ஆவர்த்தனத்தைப் போட்டுவிட்டு இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தியதும் தொப்பி திடீரென்று பெருகினால், அழுத்தாத நிலையில் எங்கோ கசிகிறது என்று பொருள். மூக்குக்கண்ணாடியின் கால் போகும் இடத்தில் பெரும்பாலும் கசிவு இருக்கும். அடர்ந்த தலைமுடி காதோரம் மாட்டினாலும் கசியும். பெண்களுக்கு இன்னொரு தொல்லை: தோட்டின் திருகாணி. கிண்ணம் காதை அழுத்தும்போது அது காதின் பின்னால் போய்க் குத்தும். ஆழம் குறைந்த கிண்ணமென்றால் காது மடல் உள்ளே இருக்கும் துணியில் உரசும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் கழித்து அதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

செருப்பு வாங்குகிற மாதிரிதான் இதை வாங்க வேண்டும், போட்டுக்கொண்டு கொஞ்சம் நடந்து பார்த்து. ரிச்சி தெருவில் சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

*

எடை. ஆடியோ டெக்னிகா எம் 50 எக்ஸ் 285 கிராம். சோனியின் எக்ஸ்எம் 4 எடை 254 கிராம். ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். எண்ணில் சிறிய வேறுபாடு, ஒரு மணி நேர உச்சந்தலைக்குப் பெரிய வேறுபாடு. மடங்குகிறதா என்பதும் சிறிய விஷயம் இல்லை, டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் குடையும் இருக்கும் பையில் இதுவும் போக வேண்டும். சோனி 2022இல் எக்ஸ்எம் 5இல் மடங்கும் கீலை எடுத்துவிட்டு, 2025இல் எக்ஸ்எம் 6இல் திரும்பக் கொண்டுவந்தது. சுமக்கிறவர்கள் சொன்னது அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

*

சென்னையின் சித்திரை வெயிலைப் பற்றி எந்த அட்டைப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

செயற்கைத் தோல் மெத்தை நன்றாக அடைக்கும். அடைப்பதாலேயே வேர்க்கும். வெல்வெட் துணி மெத்தை காற்று விடும். விடுகிற காற்றோடு வெளிச் சத்தமும் கொஞ்சம் உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை நான் இதுவரை பார்க்கவில்லை. ஈரப்பதமும் வேர்வையும் செயற்கைத் தோலின் மேற்பூச்சை மெல்லச் சிதைக்கின்றன. ஒருநாள் காதைத் தடவினால் கருப்புச் செதில்கள் விரலில் ஒட்டும், வெள்ளைச் சட்டையின் தோளிலும் கிடக்கும். கடற்கரை ஊர்களில் அது சீக்கிரம் வரும். ஒலி கொடுக்கும் உட்பகுதி அப்போதும் புதிதுபோல வேலை செய்துகொண்டிருக்கும். மெத்தையைத் தனியாக வாங்கி மாட்ட முடியுமா என்பதை ஹெட்போன் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. முடியாதென்றால் எத்தனை நல்ல ஒலியாக இருந்தாலும் நான் கீழே வைத்துவிடுவேன்.

மே மாத மதியம் இரண்டு மணிக்கு நின்றுகொண்டே பயணம் செய்கிறவருக்கு முழு அளவு ஹெட்போன் தேவையே இல்லை. காதுக்குள் நுழையும் சிறியது போதும்.

*

நாய்ஸ் கேன்சலிங் பற்றி.

சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கலாம் என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியின் பால் லூயெக் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1936இல். அதைத் தலையில் மாட்டும் பொருளாகக் கடைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அமர் போஸ். வங்காளத்தில் விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, ஆங்கிலேயரிடமிருந்து தப்பி 1920இல் அமெரிக்கா போன நோனி கோபால் போஸின் மகன். 1978இல் சூரிக்கிலிருந்து பாஸ்டன் போகும் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் என்ஜின் இரைச்சலை மீறி இசை கேட்கவில்லை. இறங்குவதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வர 1989 ஆனது, நம்மைப் போன்றவர்களுக்கு 2000. ஒரு பயணத்தின் எரிச்சல் கடைக்கு வந்து சேர இருபத்திரண்டு வருடங்கள்.

வெளியே ஒரு மைக் இரைச்சலைக் கேட்கிறது, கருவி அதன் தலைகீழ் அலையை உள்ளே எழுப்புகிறது, இரண்டும் சேர்ந்து அடங்குகின்றன. ஒரே சீராக ஓடும் கீழ்ஸ்தாயிக்கு இது மிக நன்றாகப் பொருந்தும். திடீரென்று எழும் ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் அவ்வளவாகப் பொருந்தாது. அவற்றைக் கிண்ணமும் மெத்தையும்தான் தடுத்தாக வேண்டும். அதனால் மின்சார ரயிலில் ஒரு வேடிக்கை நடக்கிறது. மோட்டாரும் சக்கரமும் விலகிப் போகின்றன. சுண்டல்காரரின் குரல் முன்னைவிடத் துலக்கமாக வருகிறது. பக்கத்துப் பெட்டியில் கண் தெரியாதவர் பாடிக்கொண்டு வருவதும் வருகிறது. எனக்கு இது குறையாகப் படவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் மட்டும் காற்று மைக்கில் மோதி, கருவியே ஒரு புது இரைச்சலை உண்டாக்கும். சிலருக்குக் காது அடைத்த உணர்வும் வரும். கடையில் ஒரு முறை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரயில்காரர்களுக்கு என் தீர்ப்பு: இந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. தம்புரா திரும்பி வருகிறது.

*

பாட்டே போடாமல் நாய்ஸ் கேன்சலிங்கை மட்டும் இயக்கிவிட்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு. கண்ணை மூடினால் முதலில் தெரிவது மூச்சு. பிறகு எச்சில் விழுங்கும் ஒலி. காது அடைபட்டிருக்கும்போது எலும்பு வழியே வரும் ஒலிகள் வெளியேற வழியில்லாமல் பெரிதாகின்றன. வேர்க்கடலை மென்றால் கல்குவாரி. மாம்பலத்திலிருந்து பூங்கா நிலையம் வரை மூச்சையே கேட்டுக்கொண்டு போகலாம். இதற்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

*

கம்பியா, புளூடூத்தா? 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் ஜாக்கை விட்டதிலிருந்து இந்தக் கேள்விக்கு விடை பாதி முடிவாகிவிட்டது. கம்பி வேண்டுமென்றால் ஒரு சிறிய டாங்கிளைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஓம் எண்ணையும் பார்க்க வேண்டும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம்களில் வருகிறது. முகம் ஒன்றுதான். 250 ஸ்டுடியோ ஆம்ப்ளிஃபையருக்கானது. போனில் மாட்டினால் முழு ஒலியிலும் சோம்பியே இருக்கும்.

புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளுக்குள் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்று போட்டி. எல்டாக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஓடும் ரயிலில் அந்த வேறுபாடு இரைச்சலில் மூழ்கிவிடும். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதற்கும் வேண்டாம். இளங்காதே 20,000க்கு மேல் கேட்காது. நான் கேட்பது பாதிக்கு மேல் பழைய வானொலிக் கச்சேரிகள், அந்த நாடாக்களில் அத்தனை உயரத்தில் எதுவும் இல்லை. அவற்றில் மிருதங்கம் வாசிக்கும் பாலக்காடு மணி ஐயருக்கு அது குறையாகவும் இல்லை.

கம்பியின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 1991இல் வந்த சோனி எம்டிஆர் 7506 இன்றும் விற்கிறது, வாங்கியவர்கள் மெத்தையை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். பேட்டரி உள்ளதற்கு அந்த ஆயுள் கிடையாது.

*

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு: 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 83க்கு 20 மணி, 86க்கு 10 மணி. போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வாரத்தில் ஆறு நாள் போகிறவருக்கு 12 மணி நேரம் ஆகிறது. அவர் 86இல் கேட்டால் ரயிலிலேயே வாரத்துக்கான பங்கை மீறிவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்கும் பாட்டு கணக்கில் சேராமலே. உட்காதின் மயிர்ச்செல்கள் ஒரு முறை போனால் திரும்ப முளைக்காது. இந்தக் கணக்கில்தான் நல்ல அடைப்பு தன் விலையைத் திருப்பித் தருகிறது. பொத்தானில் நான்கு படி இறக்கிவைத்துக் கேட்டாலும் சுருதி நிற்கிறது.

*

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காதை இத்தனை நன்றாக அடைக்கும் பொருள் ரயில் வருவதையும் அடைக்கும். தண்டவாளத்தைக் கடக்கும்போதும், நடைமேடையின் ஓரத்தில் நிற்கும்போதும், சாலையைத் தாண்டும்போதும் அதைக் கழற்றிப் பையில் போடுங்கள். கழுத்துக்கு இறக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், பாட்டையும் நிறுத்துங்கள். சீட்டில் உட்கார்ந்த பிறகு மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.